மேனேஜருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை

மார்ச் 4, செவ்வாய்

நர்ஸ் மறுபடியும் படுத்துவிட்டது.

காலை ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கொல்லைக் கதவைத் திறந்தேன். கூண்டின் மூலையில் சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கீழே பச்சையாகக் கழிச்சல். பக்கத்தில் நாத்தனார் குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள், கழிந்தது கோழியில்லை, தான்தான் என்பது போல.

"சரியாயிடும் அண்ணி. நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்க."

நான் பார்க்கவா போகிறேன்? கோழி விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். கட்டினவனை விட்டுவிட்டு வந்தவள் கோழிகளை விடாமல் வந்தாள். வாடகை வண்டியிலிருந்து ஒரு பெட்டி இறங்கியது, பிறகு ஓட்டை போட்ட இரண்டு அட்டைப்பெட்டிகள். பெட்டியில் அவள் துணி. அட்டைப்பெட்டிகளில் ஆறு கோழிகள்: நர்ஸ், டீச்சர், டைப்பிஸ்ட், கண்டக்டர், குண்டம்மா, மேனேஜர். எல்லாம் அவள் வைத்த பெயர்கள். மேனேஜர் என்பது அவளை வேலையிலிருந்து அனுப்பிய மனிதரின் ஞாபகமாக. "நடையைப் பாருங்க அண்ணி, அப்படியே அவர்தான்" என்றாள். இந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஜனவரியில் வந்தாள். அதற்குள் இது மூன்றாவது சுற்று. ஒன்று படுக்கும், பின்னாலேயே இன்னொன்று. டாக்டரிடம் ஓடுவாள், மருந்து கொடுப்பாள், தேறும். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் திரும்ப வந்து நிற்கும்.

தலையிட மாட்டேன் என்று சொன்னாலும் என் பங்குக்கு ஒன்று செய்யாமல் இல்லை. வந்த புதிதில் விளிம்பு உடைந்த ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. கடைவீதியில் பளபளவென்று ஒரு தகரத் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். நிரப்பிக் கவிழ்த்தால் தண்ணீர் தானாகவே சுற்றுத் தட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். பூஜைச் சாமான் மாதிரி அதைத் தேய்த்துத் தேய்த்து வைக்கிறாள். எல்லாக் கோழிகளும் அதில்தான் குடிக்கும். மேனேஜர் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்காது. துணி துவைக்கும் இடத்தில் ஒரு குழாய் ஒழுகுகிறது, அதன் அடியில் அலகைத் திறந்துகொண்டு நிற்கும். மகாராணிக்குத் தனிக் குழாய்.

மார்ச் 5, புதன்

தலையிட மாட்டேன் என்றவள் இன்று கோழியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "கூட வர்றீங்களா அண்ணி" என்று கதவோரமாக நின்று கேட்டால் என்ன செய்வது?

கால்நடை டாக்டரின் அறைக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்ச். எனக்கு ஒரு பக்கம் நாய், நாத்தனாருக்கு ஒரு பக்கம் பூனை. என் மடியில் துணிப்பைக்குள் நர்ஸ். சீட்டு எழுதுகிறவர், "பேஷண்ட் பேர்?" என்றார்.

"நர்ஸ்" என்றாள் இவள்.

"உங்க வேலையைக் கேக்கலம்மா. கோழியோட பேரு."

"அதாங்க. நர்ஸ்."

நாய்க்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். எனக்கும் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டாக்டர் நல்ல மனிதர். பேசும்போது நம்மைப் பார்த்துப் பாதி, கோழியைப் பார்த்துப் பாதி பேசுவார். போன தடவை கொடுத்த மருந்தையே கொடுத்தார். "பிளாஸ்டிக் கிண்ணத்துல கலந்து வையுங்க. இது முடியிற வரைக்கும் வேற தண்ணி வேண்டாம், இதுல வேற எதையும் கலக்கவும் வேண்டாம்." பிறகு நர்ஸின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் திரும்பத் திரும்ப வருதுன்னுதான் எனக்குப் பிடிபடல" என்றார். டாக்டரே இப்படிச் சொன்னால் நாங்கள் யாரைப் போய்க் கேட்க?

மார்ச் 8, சனி

நர்ஸ் எழுந்துவிட்டது. எழுந்த கையோடு கண்டக்டரைக் கொத்தியது. அப்பாடா.

மார்ச் 10, திங்கள்

இவர் லாரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்து ஒரு நாள் ஆகிறது. வந்ததும் வராததுமாக, "வீடு முழுக்க வினிகர் நாத்தம். நான் கட்டிக்கிட்டது பொண்ணையா, பாட்டிலையா?" என்கிறார். பழைய ஜோக். காய்களை வினிகரில் ஊறவைத்து பாட்டிலில் அடைக்கும் ஃபேக்டரியில் ஊறல் பகுதிக்கு மேற்பார்வையாளராக இருப்பவளிடம் பன்னீரா மணக்கும்? என் துணி, என் தலைமுடி, என் சாப்பாட்டு டப்பா எல்லாம் அந்த வாசனைதான். எனக்குத் தெரியாது. என் மூக்கு அந்த விஷயத்தில் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது.

லேபிள் கோணலாக ஒட்டிய வினிகர் பாட்டில்களை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். சிங்க் அடியில் வரிசையாக வைத்திருந்தேன். இன்று பார்த்தால் பாதிக்கு மேல் காலி. ஜன்னல் கண்ணாடி துடைக்கிறேன் பேர்வழி என்று இவர்தான் ஊற்றித் தீர்த்திருப்பார். கேட்டால் இல்லை என்பார். கேட்கவில்லை.

நாத்தனாரைப் பற்றி இவரிடம் சொன்னேன். ஒன்றையும் கேட்காமல் தொட மாட்டேன் என்கிறாள். "அண்ணி, இந்த டம்ளர்ல குடிக்கலாமா?" "அண்ணி, ஃபேன் போட்டுக்கலாமா?" ஒரு நாள் "அண்ணி, தும்மலாமா" என்றுகூடக் கேட்பாள் போலிருக்கிறது. அலமாரியில் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி. தினமும் காலையில் இழுப்பாள், ஒரு துணி எடுப்பாள், மூடுவாள். பூட்டு 'டிக்' என்று விழும். சமையலறையில் நிற்கும் எனக்குக் கேட்கும்.

"போகப் போகச் சரியாயிடும்" என்றார் இவர். அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு.

மார்ச் 13, வியாழன்

மருந்து நேற்றோடு முடிந்தது. ஆறும் பழையபடி திரிகின்றன. இன்று நாலு முட்டை. இரண்டை மாடிக்கு வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கழிச்சலைப் பற்றி அந்த அம்மாள் காதுக்கு எட்டியிருக்கிறது, முகத்தில் தெரிந்தது. முட்டையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாத்தனார் தகரத் தொட்டியை மறுபடியும் எடுத்து நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. "உப்புத் தண்ணி அண்ணி, படியுது பாருங்க" என்றாள். ஆமாம், இந்த ஏரியாத் தண்ணீர் அப்படித்தான்.

மார்ச் 19, புதன்

டைப்பிஸ்ட் செத்துப்போய்விட்டது.

நேற்று வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. இல்லை, நேற்றே கொஞ்சம் மந்தம். டீச்சரும் படுத்திருக்கிறது. குண்டம்மா நிற்கிறது, ஆனால் கால் தடுமாறுகிறது. ஒரு வாரம்கூட நல்லா இல்லையே. என்ன பாவம் பண்ணிச்சுங்க இதுங்க?

நாத்தனார் அழவில்லை. பழைய துண்டில் சுற்றி, சுவரோரமாகக் குழி தோண்டிப் புதைத்தாள். மண்வெட்டி எடுக்கலாமா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுத்தாள்.

மார்ச் 20, வியாழன்

வீட்டுக்காரம்மா மாடிப்படியில் பாதி தூரம் இறங்கி வந்து, அங்கேயே நின்று பேசினார்.

"நான் கோழிக்கு விரோதி இல்லம்மா. முட்டை வாங்கித் தின்னவதான். ஆனா மேல கைக்குழந்தை இருக்கு. இன்னொண்ணு செத்துச்சுன்னா எல்லாத்தையும் அனுப்பிடணும். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

நியாயம்தான்.

உள்ளே வந்தால் நாத்தனார் அரிசி களைந்துகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"கோழி போறப்போ நானும் போயிடறேன் அண்ணி. ஒரு லேடீஸ் ஹாஸ்டல் பாத்து வச்சிருக்கேன்."

"உன்னைப் போகச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல. சொல்றதுக்கு முன்னாடி போயிட்டா எல்லாருக்கும் நல்லது." அரிசியைப் பார்த்துக்கொண்டே, "நான் தொட்டது எதுவும் தங்க மாட்டேங்குது அண்ணி. வேலை, வீடு எல்லாம். இப்ப இதுங்க" என்றாள்.

எனக்கு முதலில் தோன்றியதை எழுதிவிடுகிறேன். அந்த அறை என் தையல் மிஷின் இருந்த அறை. அது திரும்பக் கிடைக்கும் என்று தோன்றியது. ஒரு நொடிதான். பிறகு 'டிக்' சத்தம் கேட்காத காலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

மார்ச் 22, சனி

டாக்டர் இன்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தக் கோழி எப்போது படுத்தது, எது எத்தனை தடவை. நாத்தனார் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்போ இந்த மேனேஜர் ஒரு தடவைகூடப் படுக்கலையா?"

"இல்ல டாக்டர். குஞ்சா இருந்தப்போ ஒரு தடவை சளி பிடிச்சு மூச்சு வாங்குச்சு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

அவர் பேனாவை மூடினார். சில கோழிகள் நோய் வந்து பிழைத்த பிறகும் அதை உடம்பிலேயே வைத்துக்கொண்டு திரியுமாம். அதற்கு ஒன்றும் ஆகாது, கூட இருப்பவற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். "உறுதியாச் சொல்ல மாட்டேன், ஆனா எனக்கு இதுமேலதான் சந்தேகம். தூரமா தனியா வைக்க இடம் இருந்தா வையுங்க. வேற கோழிங்க இருக்கிற வீட்டுக்கு மட்டும் கொடுத்துடாதீங்க."

எங்கள் கொல்லையில் தூரம் என்று எதைச் சொல்வது? நாலு எட்டு வைத்தால் சுவர். மற்றவைக்கு மறுபடியும் மருந்து, மறுபடியும் பிளாஸ்டிக் கிண்ணம். மேனேஜரை என்ன செய்வது என்று வழியில் நாங்கள் இருவரும் பேசவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

பேசிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் வந்து எடுத்துப்போகிறார்.

நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள். ஒன்றைக் கொடுத்து நாலைக் காப்பாற்றலாம். பிரித்து வையுங்கள் என்று டாக்டர் சொல்வதும் சரி, வீட்டுக்காரம்மா சொல்வதும் சரி. எல்லாரும் சரி. எனக்குத்தான் பொறுக்கவில்லை. இது என்ன நியாயம்? நோய் வராதது ஒரு குத்தமா? எல்லாம் விழுந்து கிடக்கறப்போ நிமிர்ந்து நின்னா அதுமேலயா சந்தேகப்படுவாங்க? நானாக இருந்தால் விட்டிருப்பேனா?

கொல்லையில் அது என் செருப்பைக் கொத்திவிட்டுத் தன் குழாயடிக்குப் போனது. கோழி விஷயத்தில் தலையிட மாட்டேன் என்று சொன்ன வாய் இது. திட்டினேன், கொஞ்சம் சோறும் போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

டீச்சர் தேறிவிட்டது. குண்டம்மாவும். நாத்தனார் ஹாஸ்டலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாளாம், இடம் காலியானால் கூப்பிடுவார்கள்.

மார்ச் 27, வியாழன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் ஊறல் பகுதி வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. "தகரம், செம்பு, அலுமினியம் எதுவும் உள்ளே வரக் கூடாது." சிவப்பு மையில், என் கையெழுத்து. உள்ளே எல்லாம் பிளாஸ்டிக் டிரம், எவர்சில்வர் தொட்டி. நேற்று ஒரு டிரம்மின் குழாய் ஒழுகியிருக்கிறது. துப்புரவுக்குப் புதிதாக வந்தவர் நல்ல எண்ணத்தில் ஒரு தகர வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். காலையில் நான் போய்ப் பார்க்கிறேன், வாளியில் பாதி வினிகர்.

அவரைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் பாட்டில் கழுவும் பகுதி வரைக்கும் போயிருக்கும்.

"வாசல்ல எழுதிப் போட்டிருக்கிறது எனக்கா? வினிகர் தகரத்தை அரிச்சுடும். மேல பூசியிருக்கிற துத்தநாகம் கரைஞ்சு இதுல இறங்கும். குடிச்சவன் குடலைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுப்பான்."

"தண்ணி புடிக்கிற வாளிதானேம்மா" என்றார் அவர், பாவம்.

"தண்ணி புடிங்க, யாரு வேணாம்னா? தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது. வினிகருக்குத்தான் ஆகாது. இந்தா பாருங்க" என்று வாளியைச் சாய்த்து உள்பக்கத்தைக் காட்டினேன். பளபளப்பு போய், சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது.

வாய் பாதியில் நின்றுவிட்டது.

இதை நான் பார்த்திருக்கிறேனே. எங்கே? எங்கள் கொல்லையில். நாத்தனார் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாளே. உப்புத் தண்ணி என்றாளே. உப்புத் தண்ணீர் படிந்தால் நான் கழுவும் பாத்திரங்களிலும் அல்லவா படிய வேண்டும்? அப்புறம் சிங்க் அடியில் காலியான பாட்டில்கள். சுருண்டு படுப்பான், சுருண்டு படுப்பான் என்று நான் சொன்னதே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. துப்புரவுக்காரர் வேறு, "அம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் செருப்போடு நடந்து நேரே கொல்லைக்குப் போனேன். மருந்து காலையோடு முடிந்திருக்கிறது. தகரத் தொட்டி நிரம்பி, அதன் இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கண்டக்டர் குனிந்து அலகை வைக்கப் போகிறது. கோழியை ஒரு கையால் தள்ளிவிட்டு, விரலை விட்டு நாக்கில் வைத்தேன். மூக்கு செத்தால் என்ன, நாக்கு இருக்கிறதே.

புளித்தது.

தொட்டியை ஓர் உதை விட்டேன். உருண்டு போய்ச் சுவரில் இடித்தது. சத்தம் கேட்டு நாத்தனார் ஓடிவந்தாள். பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள், கையில் ஒரு துணி.

"இதுல என்ன ஊத்தின?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கேக்காம எடுத்துட்டேன் அண்ணி. சிங்க் அடியில நிறைய இருந்துச்சு... தப்புதான்."

"எடுத்ததைக் கேக்கல. என்ன ஊத்தின, எதுக்கு ஊத்தின?"

கொஞ்சம் வினிகரைத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் கோழிக்கு எதிர்ப்பு சக்தி என்று போனில் ஏதோ வீடியோவில் பார்த்தாளாம். பழைய வீட்டிலும் கலப்பாளாம், அங்கே ஒன்றும் ஆனதில்லை. அங்கே பிளாஸ்டிக் வாளி. இங்கே என் தகரத் தொட்டி. ஒவ்வொரு தடவை நோய் வந்து போனதும், இனி வரக் கூடாது என்று இன்னும் கொஞ்சம் கூட ஊற்றியிருக்கிறாள். டாக்டர் மருந்து கொடுக்கும் நாட்களில் மட்டும், அவர் சொன்னபடி, பிளாஸ்டிக் கிண்ணம், வேறு எதையும் கலப்பதில்லை. அதனால்தான் தேறியிருக்கின்றன. மருந்து முடிந்ததும் மறுபடியும் தொட்டி.

நான் சொல்லச் சொல்ல அவள் அப்படியே கூண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ டைப்பிஸ்ட்டை நான்தான் கொன்னேனா?"

வழியெல்லாம் இதற்குத்தான் பயந்துகொண்டே வந்தேன். தான் தொட்டது தங்காது என்று ஏற்கெனவே நம்புகிறவளிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? எனக்கு இதமாகப் பேச வராது. வந்ததைச் சொன்னேன்.

"தொட்டி யாரு வாங்கினது? நான். வினிகர் யாரு ஃபேக்டரி? என் ஃபேக்டரி. தகரத்துல வினிகர் ஊத்தக் கூடாதுன்னு பலகை எழுதி மாட்டினது யாரு? நான். அந்தத் தொட்டியில வெள்ளையாப் படிஞ்சதைக் கிட்ட நின்னு பாத்து, உப்புத் தண்ணின்னு தலையாட்டினதும் நான்தான். நீ இதுல எங்க வர்ற? ஊத்தின கை மட்டும்தான் உன்னுது. கேட்டுட்டு ஊத்தியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். இந்த வீட்டுல தண்ணி குடிக்கக் கேக்கற, ஃபேன் போடக் கேக்கற, கேக்க வேண்டிய ஒண்ணை மட்டும் கேக்கல."

கடைசியில் திட்டில் வந்துதான் முடிந்தது. ஆனால் அவள் அழுதாள். டைப்பிஸ்ட்டைப் புதைத்தபோது அழாதவள், தேம்பித் தேம்பி அழுதாள். நானும் அந்த ஈரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். தொட்டித் தண்ணீரெல்லாம் என் துணியில். குழாயடியில் மேனேஜர் அலகைத் திறந்து சொட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

"இதுக்கு ஏன் எதுவும் ஆகலைன்னு இப்பத் தெரியுதா?" என்றேன்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்கு அனுப்ப இருந்தோமே அண்ணி. குழாய்த் தண்ணி குடிச்ச குத்தத்துக்கு."

எனக்கும் வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பைத்தியங்கள் என்று நினைத்திருப்பார்.

மார்ச் 28, வெள்ளி

டாக்டரிடம் தொட்டியையே தூக்கிக்கொண்டு போனோம். உள்ளே விரலால் சுரண்டிப் பார்த்தார். "தண்ணியில என்ன கலக்கறீங்கன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார். இவள் சொல்லியும் இருக்க வேண்டும். விடு. "இதுதான் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டியை மாத்துங்க, வெறும் தண்ணி வையுங்க. கொஞ்ச நாள் போகட்டும். திரும்ப வரலைன்னா இதுதான்."

கொஞ்ச நாள். காத்திருப்பது எனக்குக் கைவந்த கலை இல்லை.

மார்ச் 30, ஞாயிறு

கறிக்கடைக்காரர் சொன்னபடி வந்து நின்றார். வர வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேரும் மறந்திருக்கிறோம். கோழி இல்லை, மனசு மாறிவிட்டது என்றேன். "அதான் ஓடுதே" என்று காட்டினார். அது மேனேஜர், அதைத் தொடக் கூடாது என்றாள் நாத்தனார். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொடுத்த முட்டைகளை வாங்கிக்கொண்டு போனார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

யாரும் படுக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

யாரும் படுக்கவில்லை. தினமும் காலையில் கொல்லைக் கதவைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஐந்தும் காலைச் சுற்றிக்கொண்டு ஓடிவருகின்றன. மூச்சை விடுகிறேன். இவர் போனில், "என்னைப் பத்தி ஒரு நாளாவது இப்படிக் கவலைப்பட்டிருக்கியா" என்கிறார். நீங்கள் பச்சையாகக் கழிந்தால் பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

முட்டை நிறைய வருகிறது. வீட்டுக்காரம்மா இன்று படி முழுவதும் இறங்கி, கூண்டு வரைக்கும் வந்தார், இடுப்பில் குழந்தையோடு. குழந்தை குண்டம்மாவைப் பார்த்துக் கைகொட்டியது. "இனிமே ஒண்ணும் வராதுல்ல?" என்றார். நாத்தனார் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். தகரத் தொட்டி, வினிகர் எல்லாவற்றையும் ஒளிக்காமல். அந்த அம்மாள் கேட்டு முடித்துவிட்டு, "நான்கூட சட்னி புளிக்கட்டும்னு அலுமினியச் சட்டியில..." என்று ஏதோ ஆரம்பித்து, தன் வீட்டுப் பாத்திரங்களை நினைத்துப் பார்த்து, வேகமாக மாடிக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 23, புதன்

ஹாஸ்டலில் இருந்து போன். இடம் காலியாகிவிட்டதாம். மாதக் கடைசிக்குள் சொல்கிறேன் என்றாள் நாத்தனார்.

நான் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினேன். இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? வாயைத் திறந்தால், "போறதுன்னா போ, கோழிக்கு யாரு தீனி வைக்கிறது?" என்றுதான் வரும். அதைச் சொல்லாமல் இருந்ததே பெரிய காரியம். கோழி பிழைத்தால் இவள் இருப்பாள் என்று நானாகக் கணக்குப் போட்டுக்கொண்டேன். அவள் அப்படி எப்போது சொன்னாள்? கோழி போனால் நான் போவேன் என்றாள். கோழி இருந்தால் இருப்பேன் என்று சொல்லவே இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காலையில் டிக். வழக்கம் போல.

ஏப்ரல் 28, திங்கள்

மேனேஜர் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அழுக்குத் துணிக் கூடையில், என் ஃபேக்டரிச் சீருடை மேல். தூக்கி விட்டால் அடித்தொண்டையில் முனகுகிறது, கையைப் பிடுங்குகிறது. சேவல் இல்லாத வீட்டில் வெறும் முட்டையை அடைகாத்து என்ன லாபம்? நாத்தனார் அதற்கு எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். மேனேஜரிடமா எடுபடும்?

ஏப்ரல் 30, புதன்

வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தில் துணி சுற்றி ஐந்து முட்டைகள் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க அக்கா வீட்டுல சேவல் இருக்கு. சும்மா உக்காந்திருக்கிறதுக்கு இதுமேல உக்காரட்டும்." எல்லாத்தையும் அனுப்பிடணும் என்று படியில் நின்று சொன்ன அதே அம்மாள்தான்.

நாத்தனார் முட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மாதக் கடைசி இன்றைக்குத்தான். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மே 2, வெள்ளி

காலையில் டிக் கேட்கவில்லை.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. பாலை இறக்கிவிட்டு அந்த அறைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் பெட்டி இல்லை. சொல்லாமலேயே போயிட்டாளா? ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா, நான் என்ன அவ்வளவு மோசமானவளா? ஃபேக்டரிக்குப் போகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு...

கொல்லையில் சத்தம் கேட்டது. ஓடினேன்.

பெட்டி அங்கே இருந்தது. கூண்டை ஒட்டிய இருட்டு மூலையில், மூடி பெயர்த்தெடுக்கப்பட்டு, உள்ளே வைக்கோல் பரப்பி. ஐந்து முட்டைகள் மேல் மேனேஜர் விரிந்து உட்கார்ந்திருந்தது. நாத்தனார் அதற்கு எட்டும் தூரத்தில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"கூடை பத்தல அண்ணி. காத்து வேற அடிக்குது. இதுதான் சரியான ஆழம்."

"மூடியை ஏன் பெயர்த்த?"

"விழுந்து மூடிக்கிச்சுன்னா? மூணு வாரம் உக்காரணுமே."

"அப்போ உன் துணியெல்லாம்?"

கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். உள்ளே போய் என் அலமாரியைத் திறந்தேன். நடுவில் இரண்டு தட்டுகளில் அவள் துணிகள், அழகாக மடித்து அடுக்கியிருந்தன. என்னுடையதெல்லாம் அள்ளி மேல் தட்டில் திணித்திருக்கிறாள். கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கத்தினேன். அடுத்தவங்க அலமாரியைத் தொடறதுக்கு முன்னாடி கேக்கணும்னு தெரியாதா, மடிச்சு வச்ச துணியை இப்படியா திணிக்கிறது என்று அரை மணி நேரம் கத்தினேன். அவளும் விடவில்லை. "நீங்க மடிச்ச லட்சணத்துக்குத் திணிச்சதே மேல் அண்ணி" என்றாள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. மேல் தட்டு எனக்கு எட்டாது. வரும்போது கடைவீதியில் ஒரு முக்காலி வாங்க வேண்டும். தகரத்தில் வேண்டாம், மரத்தில்.